முன்னால சாஞ்ச எழுத்து

எனக்கு எழுத்துன்னா கொசு மாதிரி. கண்ணுக்குத் தெரியும், பிடிக்கத் தெரியாது. அப்பேர்ப்பட்ட நான்தான் எங்க பஸ்ஸுக்கு எழுத்து பொறுக்கினேன்.

பிரிக்பீல்ட்ஸ்லேர்ந்து கிள்ளானுக்கு ஓடின சின்ன பஸ். ஓட்டுறது என் தங்கச்சி புருஷன். பின்படியில தொங்கிக்கிட்டு ஆள் கூப்பிடுறது நான். மச்சான் மாட்டு வண்டிக்கே வழி விடுற ஆளு. போட்டி பஸ்காரன் முந்திப் போய் ஆளையெல்லாம் அள்ளிருவான்.

சீன முதலாளி, எங்க தவுக்கே, புதுசா பெயிண்டு அடிக்கச் சொன்னாரு. பெயிண்டர் காட்டின மாதிரியில ஒண்ணு தடியா, செவப்பா, முன்னால சாஞ்சு, காத்து கிழிச்ச மாதிரி குறுக்கால கோடு கோடா இருந்துச்சு. இன்னும் பொறக்காத காலத்துலேர்ந்து ஓடி வந்த எழுத்து. "இதான் லா!"ன்னு குதிச்சேன்.

வலது பக்கம் எழுதினதும் பஸ் நின்ன எடத்துலயே ஓடுச்சு. இடது பக்கம் போய்ப் பாத்தேன். அங்க எழுத்தெல்லாம் பஸ்ஸோட வால் பக்கம் சாஞ்சிருந்துச்சு, யாரோ பின்னால பிடிச்சு இழுக்குற மாதிரி.

"எழுத்து ஒரே பக்கம்தான் சாயும். இங்க பஸ் மூஞ்சி அந்தப் பக்கம் திரும்பியிருக்கு, நான் என்ன செய்ய?"ன்னான் பெயிண்டர். ஆளுங்க ஏறுறது இந்தப் பக்கம்தான்.

கச்சான் கடலை விக்கிற அக்கா ஒரு கால் வச்சுட்டு எறங்கிட்டாங்க. "தம்பி, இது வர மாட்டேங்குது. நீங்கதான் இழுத்துக்கிட்டுப் போறீங்க."

"அக்கா, நீங்க ஏறினா டயரே அழும், எழுத்து அழாதா?"

எல்லாரும் சிரிச்சாங்க. அக்கா சிரிக்கல.

எழுத்தப் பாக்கவே ஆள் கூடிருச்சு, கிண்டலும் கூடிருச்சு. "எழுத்து ஓடுது, பஸ் எப்ப அண்ணே ஓடும்?" நானும் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கல. "மச்சான், எழுத்து கிள்ளான் போய் டீ குடிச்சிருச்சாம்!" மச்சானுக்குக் காது செவக்கும். கால் ஆக்சிலேட்டர அழுத்தும்.

தங்கச்சி வந்து கெஞ்சுச்சு. "அண்ணே, அவரு வேகமா ஓட்டுற ஆளு இல்ல. என் தாலி அந்த ஸ்டேரிங்லதான் தொங்குது. அந்த எழுத்த அழிக்கச் சொல்லு."

"அழிச்சா தவுக்கே என்னை அழிச்சிருவாரு"ன்னு சிரிச்சேன்.

ஒரு மழை நாளு, வழியில பத்து தீகாங்கிற ஊரு மேட்டுல போட்டி பஸ் பக்கத்துல வந்துச்சு. மச்சான் முந்த விடல. செம்மண்ணுல பின்சக்கரம் வழுக்கி, பஸ் வாலோட பள்ளத்துல எறங்கிருச்சு. மூஞ்சி வானத்தப் பாத்துச்சு. படிக்கு அடியில என் கால். மல்லாந்து கெடந்து பாக்குறேன், செவப்பு எழுத்தெல்லாம் இன்னும் சாஞ்சு என் மேல படுக்க வருது.

ஏறினவங்களுக்குச் சிராய்ப்பு. மச்சானுக்கு அதுவும் இல்ல. ஆனா கை ஸ்டேரிங்க விடல. ரெண்டு பேரு வெரல் வெரலா பிரிச்சு எடுத்தாங்க. அதுக்கப்புறம் அவரு வண்டியத் தொடல. தங்கச்சி ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைத் திட்டவே இல்ல. அதுதான் பயமா இருந்துச்சு.

இப்ப நானும் சாஞ்சுதான் நடக்குறேன், கோடு மட்டும்தான் இல்ல.

தவுக்கே பஸ்ஸ சரி பண்ணிட்டாரு. எழுத்த அழிக்கல, ஆளு வர்றதே அதுக்குத்தானாம். புது டிரைவர யாரும் கிண்டல் பண்ண வேண்டியதில்ல, அவன் வந்த நாள்லேர்ந்தே பறக்குறான். காலையில ரோட்டோரம் நின்னு கத்துவேன். "ஏறாதீங்க லா! பின்னால இழுக்குது பாருங்க!"

எல்லாரும் சிரிச்சுக்கிட்டே ஏறுவாங்க. நான் சொன்னா சிரிக்கணும்னு நான்தானே பழக்கி விட்டேன்.