மெழுகு பூசிய கொயினா

யுத்த காலத்தில் மலேரியாவுக்குக் கொடுக்கிற கொயினா மாத்திரை கிடைப்பதே குதிரைக்கொம்பு. அப்படிக் கிடைத்ததையும் என் தங்கையின் புருஷன் பாழாக்கிக்கொண்டிருந்தார் என்றால் எனக்குக் கோபம் வராதா?

மச்சான் சங்கு குளிக்கிறவர். அவர் கடலுக்குள் இறங்கினால் மேலே தோணியில் கயிற்றைப் பிடிக்கிறவன் நான். எங்கள் ஆட்களில் அந்தக் கயிறு பெண்ஜாதியின் சகோதரன் கையில்தான் இருக்கும். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவன் சம்மதிப்பான்? அந்த வருஷம் குளிப்பு தொடங்கும் முன்பே அவரை முறைக்காய்ச்சல் பிடித்துக்கொண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள், உச்சிப் பொழுதில், கட்டிலே ஆடும்படி நடுங்குவார். மாத்திரை விழுங்கியும் நின்றபாடில்லை. ஆள் பாதியாகிவிட்டார். இப்படியே போனால் இருதயம் தாங்காது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். தங்கையிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

"நீங்க குடுக்கது மருந்தா, சுண்ணாம்பா?" என்று டாக்டரிடம் போய்க் கத்தினேன். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "என் கண்ணு முன்னால விழுங்கச் சொல்லும், பாப்போம்" என்று கையோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மச்சான் தலையணைக்கடியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தார். பளபளவென்று இருந்தது. குளிக்கும்போது காதடைக்க வைத்திருக்கும் தேன்மெழுகை உருக்கி, மாத்திரைகளை அதில் முக்கி எடுத்திருக்கிறார் மனிதர்!

"கசப்பு தொண்டையிலயே நிக்கி மச்சான், கொமட்டுது. மெழுகு போட்டா வழுக்கிட்டுப் போவுது" என்றார். சுறா திரியும் கடலில் கண்ணைத் திறந்துகொண்டு இறங்குகிற ஆளுக்குக் கசப்பென்றால் பயம்.

டாக்டர் வெதுவெதுப்பான தண்ணீர் கேட்டார். ஒரு தம்ளரில் தன் பையிலிருந்த மாத்திரையைப் போட்டார். அது உதிர்ந்து கரைந்தது. மச்சானுடையது இன்னொரு தம்ளரில் போட்டபடியே கிடந்தது.

"கடல் தண்ணிய காதுக்குள்ள விடாத மெழுகு, மருந்த மட்டும் வெளிய விடுமாவே? மாத்திரை வயித்துல கரையணும். கரைஞ்சது குடல் வழியா ரத்தத்துல ஏறணும். கிருமி அங்கதான் இருக்கு. நீரு விழுங்கினது சரக்கு இறக்காமலே அந்தப் பக்கமாப் போயிட்டு."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "ஒரு வேளை தப்பக் கூடாதும்மா. ஏறின மருந்த ஈரல் அழிச்சிக்கிட்டே இருக்கும், ஒண்ணுக்கோடயும் போவும். போறதுக்கு ஈடா உள்ள போட்டுக்கிட்டே இருக்கணும்."

அன்றிலிருந்து கசப்பு மாத்திரை தொண்டையில் இறங்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன். என் வம்சத்தையே ஏசிக்கொண்டு விழுங்கினார். பிறகு ஒருநாள் காலையில் முகம் வெளுத்துப்போய், "மச்சான், காதுக்குள்ள வண்டு இரையுது!" என்றார். குளிக்கிறவனுக்குக் காது போனால் பிழைப்பே போயிற்று. டாக்டரிடம் ஓடினேன். அவரோ சிரித்தார்.

"மருந்து ரத்தத்துல ஏறி காது வரைக்கும் சுத்தியிருக்கு. மருந்த நிறுத்தினா இரைச்சலும் நின்னுடும். சந்தோசமாப் போவும்வே."

அன்று முறை நாள். உச்சிப் பொழுதுக்குத் தங்கை போர்வையோடு கட்டிலருகில் உட்கார்ந்தாள். நானும் அங்கேயே நின்றேன். வெயில் சாயத் தொடங்கியது. நடுக்கம் வரவில்லை.

"ஏளா, சோறு இருக்கா?" என்றார் மச்சான்.

அவள் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அத்தனை நாளும் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை.

"சோறு இல்லன்னா போவுது, அதுக்கு ஏம்ளா அழுவுத?" என்றார்.