யன்னலால் இறங்கிய கூடை

எங்கள் அலுவலகம் துறைமுகப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறது. கீழே லொறிகள் வந்து நிற்கும். கப்பலில் வந்த சாமானை ஏற்றப் போகும் ஒவ்வொரு சாரதிக்கும் அனுமதித் துண்டு கொடுத்துக் கையெழுத்து வாங்குவது என் வேலை. முந்தி அவர்களே மேலே வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். தரைக்கு வெள்ளை டைல்ஸ் பதித்த பிறகு, செருப்புச் சேறு படுகிறது என்று மனேஜர் அதை நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து துண்டோடு நான்தான் இறங்க வேண்டும். செங்குத்தான மரப்படி.

பிள்ளை வயிற்றில் தங்கிய பிறகு அந்தப் படியைப் பார்த்தாலே எனக்குப் பயம். அதற்கு முதல் ஒன்று தங்கி, நாலாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. இந்த முறை படி ஏறி இறங்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். கீழே காவலாளியின் அறையில் எனக்கொரு கதிரை போட்டால் போதும். அதைத்தான் கேட்டேன். மனேஜரும் ஒரு பெண், அவருக்கு விளங்கும் என்று நம்பினேன்.

"நானும் ரெண்டு பெத்தனான்," என்றார், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கடைசி நாள் வரைக்கும் வேலைக்கு வந்தனான். உங்களுக்குக் கீழ இடம் தந்தா நாளைக்கு எல்லாரும் ஒவ்வொண்டு கேப்பினம்."

"படி ஏலாது எண்டு டொக்டர் சொன்னவர், மிஸ்."

"ஏலாதெண்டா வீட்டில இருங்கோவன்."

வீட்டில் இருக்க முடிந்தால் இவர் முன்னால் ஏன் நிற்கிறேன்? கணவரின் வேலை இன்றைக்கு உண்டு, நாளைக்கு இல்லை. "ஓம் மிஸ்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு கை கைபிடியில், மற்றக் கை வயிற்றில். பின்னேரமானால் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையாது. கோபப்படக்கூடச் சீவன் இருக்கவில்லை.

கிண்ணியாவிலிருந்து வரும் வயதான சாரதி ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் பனையோலைக் கூடையும் நைலோன் கயிறும் கொண்டுவந்து தந்தார்.

"தங்கச்சி, நீங்க எறங்க வாணாம். மீன்காரன் வந்தா மாடி வீட்டுப் பொம்புளைகள் கூடய எறக்குறாங்கல்லா, அப்பிடி எறக்குங்க. நாங்க எடுத்துக்குறம்."

மனேஜரின் அறை கடல் பக்கம். அவருக்குத் தெரியவில்லை. கீழே ஹோர்ன் கேட்கும், வீதிப் பக்க யன்னலால் கூடையை விடுவேன், கையெழுத்திட்ட பிரதி மேலே வரும். சில நாள் அதோடு இரண்டு மாங்காயும் வரும். அந்தக் கொஞ்சக் காலம் நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

காட்டிக்கொடுத்தது ஒரு மான். எங்கள் ஊரில் மான்கள் மாடுகளைப் போல வீதியிலேயே திரியும், வெயிலுக்கு எங்கள் கட்டட நிழலில்தான் படுத்துக் கிடக்கும். ஒரு மத்தியானம் சாரதி பிளேன்ரீ குடிக்கப் போன நேரம், நிலத்தில் நின்ற கூடைக்குள் மான் தலையை விட்டுத் துண்டை மென்று விழுங்கிவிட்டது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் புதுத் துண்டுக்கு மனேஜர் கையெழுத்து வேண்டும். அவர் யன்னலுக்கு வந்து கயிற்றைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார்.

"இதென்ன, மீன்கடையே? கம்பனி எண்டா ஒரு மரியாதை வேணும்."

கூடையை ஸ்டோருக்குள் எறியச் சொன்னார். திரும்பவும் படி. கொஞ்ச நாளில், பாதிப் படியில் இறங்கும்போது இரத்தம் பட்டது. அங்கேயே இருந்து, இதுவும் போச்சு என்று வாய்விட்டு அழுதேன். அந்தக் கிண்ணியாச் சாரதி நானாதான் தன் லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு பிள்ளைப்பேறு வரைக்கும் படுக்கைதான். மகள் நிறை குறைவாகப் பிறந்தாள். ஆனால் நன்றாகக் கத்தினாள்.

லீவு முடிந்து திரும்பிப் போனபோது காவலாளியின் அறைக்கு வெள்ளையடித்து ஏசி பூட்டியிருந்தது. உள்ளே மனேஜரின் மேசை. முழங்கால் தேய்ந்துவிட்டதாம், படி ஏறக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். நான் மேலே போய் இருந்து கொஞ்ச நேரத்தில் கீழே வீதியிலிருந்து அவருடைய குரல் கேட்டது.

"பிள்ளை, பைல் அவசரம். நீங்கள் இறங்கி வாறதுக்கிடையில நேரம் போயிடும். அந்தக் கூடை ஸ்டோரில கிடக்கும், யன்னலால விடுங்கோ. இந்தப் படி லேசுப்பட்ட படியில்லை, கண்டியளோ."

மீன்கடையே மிஸ் இது என்று கேட்க வாய் உன்னியது. ஆனால் மார்பு பால் கட்டிக் கனத்துக்கொண்டிருந்தது. மகளுக்குப் பால் கொடுக்க நேரத்தோடு வீட்டுக்குப் போவதென்றால் இவரிடம்தான் கேட்க வேண்டும். ஸ்டோருக்குப் போனேன். கூடை கயிற்றோடு அப்படியே கிடந்தது. தூசியைத் தட்டி, பைலை வைத்து இறக்கினேன்.

"மெல்ல, மெல்ல," என்றார் கீழே நின்று, இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு. "மான் நிக்குது. பைல் கவனம்."