மரத்தடியில் நட்ட கீரை

டிவி சமையல் நிகழ்ச்சியில் மாஸ்டர் குனிந்து, "அடடா, நம்ம அதிர்ஷ்டத்தைப் பாருங்க" என்று ஒரு காட்டுக்கீரையைக் கண்டுபிடிப்பார். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கீரையைக் காலையிலேயே தேடிப் பிடித்து, வேரோடு கொண்டுவந்து, அவர் குனியப்போகிற இடத்தில் நட்டு வைத்தவர் என் அண்ணி. நட்ட சுவடு தெரியாமல் சருகு தூவுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

நான் அந்த நிகழ்ச்சிக்கு வேன் ஓட்டுகிறவன். அந்த வேலையையும் அண்ணிதான் வாங்கிக் கொடுத்தார், அதனால் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். அண்ணன் போன பிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் அவர். வேலி ஓரம், ரயில் பாதை ஓரம் என்று எங்கே எதைக் கிள்ளித் தின்னலாம் என்பது அவருக்கு அத்துப்படி. இந்த ஆறு வருடத்தில் மாஸ்டர் தானாக ஒரு இலையைக்கூடக் கண்டுபிடித்ததில்லை.

"கடைசியில உங்க பேரையாவது போடச் சொல்லுங்க அண்ணி" என்றால், "பேரைப் போட்டா ருசி கூடிடுமா? நீ ரோட்டைப் பாத்து ஓட்டு தம்பி" என்பார்.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. படம் எடுக்கவிருந்த கீரை வெட்டவெளியில் மட்டுமே முளைப்பது. ஆனால் வெயிலில் நின்றால் மாஸ்டருக்கு மேக்கப் வழிந்துவிடும். டைரக்டர் ஓடையோரத்து மரத்தடியைக் காட்டினார்.

"அங்க நட்டுருங்கக்கா. லைட் அருமையா விழுது."

"இது நிழல்ல வராதே சார்."

"யாருக்குத் தெரியப்போகுது?"

அண்ணி கொஞ்சம் தயங்கினார், பிறகு நட்டுவிட்டார். மாஸ்டர் கண்டுபிடித்தார், பறித்தார், வதக்கினார், ஒரு வாய் போட்டுக் கண்ணை மூடிச் சொக்கினார். மிச்சத்தை நாங்கள் வழித்துத் தின்றோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அது ஒளிபரப்பான மூன்றாம் நாள், அண்ணியின் தங்கையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகப் போன் வந்தது. என்னத்தையோ தின்றுவிட்டு வாந்தி நிற்கவில்லையாம். இரண்டு மணி நேரம் வேனை விரட்டினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, இனி பயமில்லை என்று நர்ஸ் சொன்னார். தங்கை துவண்டுபோய்ப் படுத்திருந்தார்.

"என்னடி தின்னே?"

"டிவியில காட்டின கீரைதான்க்கா. அதே மாதிரி ஓடைப் பக்கம், மரத்தடியில பறிச்சேன்."

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதே சாடையில் நிழலில் முளைப்பது வேறொன்று, விஷச்செடி. கசக்கி முகர்ந்தால்தான் அண்ணிக்கே பிடிபடும்.

"டிவிக்காரன் சொன்னான்னு கண்டதைப் பறிப்பியா?"

"டிவிக்காரனை யாரு நம்பினா? அதை நட்டது நீன்னு எனக்குத் தெரியாதா? உன் கையைத்தான் நம்பினேன்."

அண்ணன் சாவுக்குப் பிறகு அண்ணி அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், "இன்னும் எத்தனை பேர் பறிச்சாங்களோ, வண்டியை எடு" என்றார்.

நேராக ஆபீசுக்குப் போனோம். டைரக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கையைப் பிசைந்தார்.

"இடம் தப்புன்னு சொன்னா, நட்டு வெச்சதையும் சொல்லணும்கா. ஆறு வருஷ நிகழ்ச்சி நாறிப்போயிரும். உங்க வேலையும் போயிரும்."

"உயிர் போறதுக்குப் பதிலா வேலை போகட்டும் சார்."

மேக்கப் நாற்காலியில் இருந்த மாஸ்டர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது தாம்தூம் என்று குதிக்கப்போகிறார் என்று நினைத்தேன். மனிதர் கழுத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"ரெண்டையும் பக்கத்துல வெச்சா எனக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்குமாம்மா?"

"தெரிஞ்சிருக்காது" என்றார் அண்ணி.

"அப்போ நான்தான் சொல்லணும்."

அன்று மாலையே டிவியில் சொன்னார். "இதுவரைக்கும் எதையும் நான் கண்டுபிடிக்கல. எல்லாம் இந்த அம்மா நட்டு வெச்சது. இந்தக் கீரைக்குக் காட்டின இடம் தப்பு. மரத்தடியில பறிச்சிருந்தா தின்னாதீங்க." கீழே ஆபீஸ் நம்பர் ஓடியது. அந்த ஆள் மேல் ஆறு வருடமாக இருந்த எரிச்சல் எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் பாதி போய்விட்டது.

உடனே மணி அடிக்கத் தொடங்கியது. திட்டுவதற்குத்தான் பாதிப் பேர். போனை ஸ்பீக்கரில் போட்டு, திட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்து, "எங்க பறிச்சீங்க?" என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார். ஏழாவதாக ஒரு பெண் பேசினாள்.

"அடுப்புல வெந்துக்கிட்டிருக்கும்மா. பிள்ளைங்க தட்டோட உக்காந்திருக்கு."

"எங்க பறிச்சே?"

"மரத்தடியிலதான்."

"யாரும் தின்னுட்டாங்களா?"

"இல்லம்மா, இப்பத்தான் இறக்கப்போறேன்."

"அடுப்பை அணை. சட்டியோட எடுத்துட்டுப் போய் வெளிய குழி தோண்டிக் கொட்டி மூடு. போனை வைக்காதே. நான் இருக்கேன்."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிள்ளைகளில் ஒன்று பசிக்கிறது என்று சிணுங்கியது. அண்ணி நின்றபடியே இருந்தார். டைரக்டரும் மாஸ்டரும் நானும் போனைச் சுற்றி நின்றோம்.

"கொட்டி மூடிட்டேம்மா" என்றாள் அந்தப் பெண். "இவங்களுக்கு இப்ப என்னத்தைக் குடுக்கிறது?"

"வீட்ல என்ன இருக்கு, சொல்லு" என்று அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.