முதுகு காட்டி ஒரு பழனிப் பயணம்

அடுத்தவர் காரின் பின்சீட்டை எட்டிப் பார்ப்பது எனக்கு ஒரு வியாதி. தங்கையின் பிள்ளைக்குக் காரில் குழந்தை இருக்கை மாட்டக் கற்றுக்கொண்ட நாளில் தொற்றியது. கடைவீதியில் பூ வாங்கினாலும் கண் பூவில் நிற்காது. ஓரமாய் நிற்கும் கார்க் கண்ணாடிக்குள் நுழைந்துவிடும். பெல்ட் தொங்குகிறதா, இருக்கை ஆடுகிறதா. ஆனால் வாயைத் திறக்க முடியாது. பெற்றவர்களிடம் இருக்கை தப்பு என்று சொல்வதைவிடப் பிள்ளைக்கு மூக்கு சப்பை என்று சொல்லிவிடலாம்.

எதிர்வீட்டுத் தம்பதி பத்து மாதப் பிள்ளைக்கு மொட்டை போடப் பழனிக்குக் கிளம்பினார்கள். புதுக் கார், புது இருக்கை. அழுக்காகிவிடும் என்று பாலித்தீன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பிள்ளை சாலையைப் பார்த்து ராஜாவாக உட்கார்ந்திருந்தான். கொஞ்சுகிற சாக்கில் இருக்கையைத் தொட்டேன். ஊஞ்சலாக வந்தது. ஒட்டன்சத்திரம் போகிற வழியில் முன்னால் ஒரு தக்காளி லாரி சட்டென்று நின்றால் அந்தப் பிஞ்சுக் கழுத்து என்ன ஆகும்? மேலே நினைக்க மனம் வரவில்லை.

"தம்பி, இவன் பின்பக்கம் பாத்து உக்காரணும்னு சொல்றாங்களே?" யாரோ சொன்னதுபோல் சொன்னேன்.

"தெரியும்க்கா, வீடியோவுல பாத்தேன். ஆனா மொத மொட்டைக்குப் போறான். முருகனுக்கு முதுகக் காட்டிக்கிட்டா போறது?"

அவர் மனைவி என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து இதே சண்டை என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

"சரிதான். அப்ப திரும்பி வாரப்ப?" என்றேன்.

"வாரப்ப என்ன?"

"மலை பின்னாடில்ல இருக்கும். நீங்க ரெண்டு பேரும் முதுகக் காட்டிக்கிட்டு வருவீங்க. இவன் மட்டுந்தான் வீடு வரைக்கும் அவரையே பாத்துக்கிட்டு வருவான்."

"போறப்ப?"

"அப்பா அம்மாவுக்கே முதுகக் காட்டிட்டு வந்து மலையில நிக்கிறவருதானே தம்பி! அவரா இவனக் கோவிச்சுக்குவாரு?"

அவள் குபீரென்று சிரித்தாள். அவர் தலையைச் சொறிந்தார். "பாயிண்டுதான்."

உறையைப் பிரித்தோம். இருக்கையைத் திருப்பினோம். "இந்த நீலக் கோடு எதுக்குத் தம்பி?" என்று கேட்டேன். குனிந்து பார்த்தவர், "பின்பக்கம் பாத்து வச்சா பெல்ட்டு இது வழியாத்தான் போகணும்க்கா, கவனிச்சுக்கங்க" என்று எனக்குப் பாடம் எடுத்தார். கவனித்துக்கொண்டேன்.

"முட்டிய வச்சு அமுக்கிக்கிட்டு பெல்ட்ட இழுக்கணுமாம். எனக்கு எடை பத்தாது" என்றேன்.

"இதுக்குன்னுதானே இம்புட்டு வயிறு வளத்து வச்சிருக்காரு" என்றாள் அவள்.

அமுக்கினார். இழுத்தார். பிறகு குலுக்கிப் பார்த்தால் இருக்கை அசையவில்லை, கார்தான் அசைந்தது. பிள்ளையை உட்காரவைத்து, தோள்வாரை இறுக்கி, தளர்வு இருக்கிறதா என்று வாரைக் கிள்ளிப் பார்த்தேன், கிள்ள வரவில்லை. கன்னத்தைக் கிள்ளினேன், வந்தது.

அவர் முன்னால் ஏறிக் காரை ஸ்டார்ட் செய்தார். ஓட்டுகிறவர் பெல்ட் போடாவிட்டால் கூவவேண்டிய மணி கூவவில்லை. எட்டிப் பார்த்தேன், வியாதி அப்படி. பெல்ட் மாட்டும் துளையில் வெறும் கொக்கி மட்டும் செருகியிருந்தது.

"சும்மா கத்துதுன்னு கடையில வாங்கிச் சொருகினேன்க்கா" என்று அசடு வழிந்தார்.

பின்சீட்டிலிருந்து ஒரு வளையல் கை நீண்டது. கொக்கியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தது. கார் ஓயாமல் கூவத் தொடங்கியது. அவர் பெல்ட்டை இழுத்தார். அந்த வயிற்றைச் சுற்றி வருவதற்குள் பெல்ட்டுக்கு மூச்சு வாங்கிவிட்டது.