வெள்ளிக்கிழமை சாவியைத் திருப்பமாட்டேன்

நான் அதிகம் கதைக்கிறவள் இல்லை. நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி பஸ் போனாலும் குரல் கொடுக்காமல் அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வருகிறவள். அப்படிப்பட்ட நான் ஒரு வெள்ளிக்கிழமை நாலு பேர் பார்க்க, சம்பளம் தருகிறவரின் முகத்துக்கு நேரே மாட்டேன் என்றேன். வெட்கப்பட வேண்டிய காரியம் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு வெட்கமில்லை.

குருநகர்க் கரையோரம் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள். உரும்பிராயிலிருந்து வந்து போகிறேன். கூட்டிக் கழுவத்தான் வந்தேன். பிறகு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது.

குளிரூட்டும் இயந்திரத்தை நடத்துவது சுவரில் பூட்டிய ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. இடையிடையே அதன் உள்ளே இருக்கிற மென்பொருளை மாற்ற வேண்டும். ஃபேம்வெயார் என்பார்கள். கொழும்பிலிருக்கும் பொறியியலாளர் இணையத்தின் வழியாக அங்கிருந்தே மாற்றிவிடுவார். ஆனால் பெட்டியில் உள்ள சாவியை இங்கே ஒருவர் திருப்பினால்தான் அது வெளியாளை உள்ளே விடும். மாற்றி முடியும்வரை இயந்திரம் நிற்கும். பகலில் அந்தச் சாவி என் கழுத்தில்.

முந்தைய முறை ஒரு காலையில் செய்தார்கள். கொஞ்ச நேர வேலை என்றார்கள். இணைப்பு அறுந்து அறுந்து பொழுது சாயும்வரை இயந்திரம் ஓடாமல் கிடந்தது. அன்றைய ஐஸ் கட்டிகளின் நடுவில் தண்ணீர். வேறு வழியில்லாமல் அதையே ஏற்றிப் போன படகுக்காரர் ஒருவர், மறுநாள் கரைக்கு வந்து, மீனை ஐஸில் வைக்கும் வெள்ளை றெஜிபோம் பெட்டியின் மூடியைத் திறந்து எனக்குக் காட்டினார். மீன் எல்லாம் குழைந்து கிடந்தது. ஏசியிருந்தால் மறந்திருப்பேன். ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டு போனார்.

முதலாளி யோசித்துப் பார்த்து ஒரு காரணம் கண்டுபிடித்தார். சாவியைத் திருப்பியது ராகு காலத்தில். "அப்ப பிழைக்காமல் என்ன செய்யும்?" என்றார். அவரை நான் பரிகசிக்கவில்லை. நல்ல காரியத்துக்கு நானும் ராகு காலத்தில் படி இறங்குவதில்லை. ஆனால் அவர் இந்த முறை பஞ்சாங்கம் பார்த்துத் தேர்ந்தெடுத்த நல்ல நேரம், வெள்ளிக்கிழமை பின்னேரம்.

வெள்ளிக்கிழமை எங்கள் சைவ வீடுகளில் மீன் சட்டி அடுப்பில் ஏறாது. அதனால் சனிக்கிழமை காலை எல்லோரும் ஒன்றாக மீன் தேடுவார்கள். அந்தச் சந்தைக்காகப் படகுகள் வெள்ளி மாலை போகும். வேறெந்த நாளையும்விட அதிக ஐஸ் ஏற்றும். படகுக்காரர்கள் வேதக்காரர், ஞாயிறு அவர்களுக்குப் பூசைக்குப் போகும் கோயில் நாள், கடலுக்கு ஒருவரும் போகமாட்டார்கள். இது கரையில் எல்லோருக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரியும். தெரிந்திருந்தும், பஞ்சாங்கத்தில் நல்ல நேரத்தைக் கண்டதும் மறந்துவிட்டார்.

அந்த வெள்ளி, நல்லூரில் கும்பிட்டுவிட்டுத் திருநீறோடு வந்தார். பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். கர்ப்பூரம் கொளுத்தினார். உடைப்பதற்குத் தேங்காய் கையில். தொட்டிக்குள் தண்ணீர் பாதிதான் உறைந்திருந்தது. முதல் ஆளாக ஐஸுக்கு வந்து நின்றவர் அதே படகுக்காரர்.

"என்ன தங்கச்சி, பெட்டிக்குக் கலியாணமோ?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார்.

"ஃபேம்வெயார் மாத்தப் போகினம், அண்ணை. மெசின் நிக்கும்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "இப்பவோ? எங்கடை ஐஸ்?"

முதலாளி தொலைபேசியை மேசையில் வைத்தார். கொழும்பிலிருந்து அந்தப் பொறியியலாளர் தம்பியின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "அக்கா, நான் ரெடி. சாவியத் திருப்பிட்டீங்களா?"

"திருப்பும்," என்றார் முதலாளி என்னிடம். "நேரம் போகுது."

"மாட்டன், முதலாளி," என்றேன்.

"என்ன சொன்னனீர்?"

"ஐஸ் எடுத்து முடியட்டும். இப்ப மாட்டன்."

"நீரோ இஞ்சை முதலாளி? தாரும் சாவியை!"

கயிற்றோடு சாவியைச் சட்டைக்குள் போட்டேன். அவர் மரியாதையான மனுசன். நீட்டிய கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். அவருடைய மரியாதையை நம்பித்தான் அப்படிச் செய்தேன்.

தொலைபேசி மறுபடி பேசியது. "அக்கா, இதை ரொம்ப நாள் தள்ளிப்போட ஏலாது. பழைய மென்பொருள்ல ஒரு ஓட்டை இருக்கு. சாவி இல்லாமலே வெளியாட்கள் உள்ள வந்துடலாம்."

"தள்ளிப்போடச் சொல்லேல்லை, தம்பி. ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கோ."

"ஞாயிறு எங்களுக்கு லீவுங்க."

"எங்கடை மெசினுக்கும் அண்டைக்குத்தான் லீவு."

படகுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். தொலைபேசிக்குள்ளும் யாரோ சிரித்தது கேட்டது. "சரிக்கா, வீட்டுல இருந்தே செஞ்சு தாறேன். காலையில எடுங்க."

கர்ப்பூரம் அணைந்துவிட்டது. முதலாளி தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு, நல்ல நேரம் போய்விட்டது என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"வீட்டை கொண்டு போங்கோ, முதலாளி. சம்பலுக்காகும்," என்றார் படகுக்காரர்.

மாலை கட்டிகள் முழுசாக வந்தன. அரைத்து, பெட்டி பெட்டியாக ஏற்றினார்கள். படகுகள் போயின.

ஞாயிறு காலை சாவியைத் திருப்பினேன். இணைப்பு அறவில்லை. தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்து இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. பார்க்க வந்திருந்த முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீரே? வெள்ளிக்கிழமையே இப்பிடி முடிஞ்சிருக்கும். ஐஸும் பழுதாகியிராது. சும்மா என்னை அவமானப்படுத்தினீர்."

"ஓம், முடிஞ்சிருக்கலாம்," என்றேன். அதை மறுக்க எனக்கு வழியில்லை. "முடியாமலும் விட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, கொழும்பிலை இருக்கிறவருக்கும் தெரியாது. நட்டம் மட்டும் அந்த அண்ணைக்கு."

"இனிமேல் நான் சொல்லுற நேரத்திலைதான் நடக்கும்."

"நீங்கள் சொல்லுற நேரத்துக்குத் திருப்புறன், முதலாளி. வெள்ளிக்கிழமை எண்டால் மாட்டன்."

"வேலையாலை நிப்பாட்டினால்?"

"நிப்பாட்டுங்கோ."

அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னும் நிறுத்தவில்லை. நிறுத்தமாட்டார் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. அடுத்த மாற்றம் வரப்போகிறது என்று கொழும்பிலிருந்து செய்தி வந்திருக்கிறது. முதலாளி பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அவர் புரட்டட்டும். நல்ல நேரம் வெள்ளிக்கிழமையில் விழுந்தால் என் பதில் அவருக்குத் தெரியும்.