கேட்கிற காதுக்கு ஒரு குல்லாய்

என் மாமனாரின் தலையும் எங்கள் வீட்டுப் பால் குண்டானும் ஒரே அளவு. இதைக் கண்டுபிடித்தவள் நான்தான். வேறு யாருக்கும் அதற்கான அவசியம் வந்திருக்காது.

அவருக்குக் கம்பளி நூலில் ஒரு குல்லாய் பின்ன வேண்டியிருந்தது. பின்னுவதற்குத் தலையளவு வேண்டும். அளவு எடுக்க அவர் எதிரில் போய் நிற்க வேண்டும். கல்யாணமாகிப் பதினாலு மாதம் ஆகியும் நான் அவர் எதிரில் நின்றதில்லை. செஞ்சியில் எங்கள் தெருவில் அப்போது மருமகள் மாமனார் முன்னால் வரமாட்டாள், அவரிடம் நேராகப் பேசவும் மாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். அதையும் அவரைப் பார்த்துச் சொல்லக்கூடாது, பக்கத்தில் இருக்கிற எதையாவது பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு வாய்த்தது முற்றத்தில் கட்டியிருந்த எருமைக் கன்று.

வெந்நீர் காய்ந்துவிட்டது என்று கன்றிடம் சொல்வேன். மாமனார் எழுந்து குளிக்கப் போவார். இன்றைக்குக் குழம்பில் உப்பு தூக்கல் என்று அவரும் கன்றிடம்தான் சொல்வார். மறுநாள் நான் உப்பைக் குறைப்பேன். உளுந்து தீர்ந்தது, கூரையில் ஒழுகுகிறது, என்னைப் பெற்ற நைனா அனந்தபுரத்திலிருந்து வரப்போகிறார், எல்லாம் அதன் காதில்தான் விழும். அந்தக் கன்றுக்குத் தெரியாத வீட்டு விஷயம் கிடையாது.

சிரிக்காதீர்கள். அந்த வீட்டில் எனக்கு இருந்த பேச்சுத்துணையே அவ்வளவுதான். மாமியார் நான் வந்த மூன்றாம் மாதமே காய்ச்சலில் போய்விட்டார். என்னைப் பெண் பார்க்க வந்ததும் அவர்தான். மாமனார் அன்று வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டாராம். கல்யாணத்திலும் நான் குனிந்த தலை நிமிரவில்லை. வீட்டுக்காரர் பாண்டிச்சேரி பஸ்ஸில் கண்டக்டர். ஒருநாள் வீட்டில், ஒருநாள் அங்கே. வீட்டில் இருக்கிற நாளிலும் தூக்கத்தில் "ரைட், ரைட்" என்பார். மற்ற நேரமெல்லாம் நான், கதவு, கன்று, கன்றுக்கு அந்தப் பக்கம் மாமனார்.

மாமியார் காரியம் முடிந்த மறுநாள் அவர் கன்றுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே ஒன்று சொன்னார். வந்த பெண் தனக்காகக் காத்திருந்து வயிறு காய வேண்டாம், பசிக்கிற நேரத்துக்குச் சாப்பிடட்டும் என்று. அப்போதெல்லாம் எங்கள் வீடுகளில் ஆண்கள் எழுந்த பிறகுதான் பெண்களுக்கு இலை. அடுப்படியில் உட்கார்ந்து முதல்முறையாக அவர் சாப்பிடுவதற்கு முன்பே சாப்பிட்டேன், அழுதுகொண்டே. அன்றிலிருந்து அவர் எனக்கு இன்னொரு நைனா. இதை நான் கன்றிடம்கூடச் சொன்னதில்லை.

அவர் என் பேச்சைக் கேட்டது ஒற்றைக் காதால். இடது காது சின்ன வயதிலேயே போய்விட்டது. வலது காது ஒன்றுதான் இருந்தது. மார்கழி வந்தால் அதுவும் குத்த ஆரம்பித்துவிடும். மோட்டாருக்குக் கரண்டு விடியற்காலையில்தான் வரும் என்பதால் இருட்டு பிரிவதற்குள் சிங்கவரம் ரோட்டு வேர்க்கடலைக் கொல்லைக்குச் சைக்கிளில் கிளம்பிவிடுவார். மலைப் பக்கமிருந்து பனிக்காற்று ஊசி மாதிரி இறங்கும். தலையில் கட்டுகிற முண்டாசு காதுக்கு மேலேயே நின்றுவிடும், இழுத்து மூடினால் இரண்டு மிதி மிதிப்பதற்குள் மேலே ஏறிவிடும். அந்த வருஷம் காதில் சீழ் வைத்துவிட்டது.

ஆஸ்பத்திரி டாக்டர், பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றிய கதையைக் கேட்டு முதலில் திட்டினாராம். பிறகு மருந்து கொடுத்து, பனிக்காலம் முடிகிற வரைக்கும் வெளியிலோ வீட்டிலோ காதில் காற்றே படக்கூடாது, பட்டால் இருக்கிற ஒரு காதும் போய்விடும் என்று சொல்லி அனுப்பினாராம். வீட்டுக்காரர் வந்து இதைச் சொன்னபோது எனக்குப் பகீரென்றது. எதிரில் வராத மருமகள், காது கேட்காத மாமனார். அப்புறம் அந்த வீட்டில் நான் யாரிடம் பேசுவது? நிஜமாகவே கன்றிடமா?

குல்லாய் யோசனை என்னுடையதுதான். எட்டாவது வரை படித்த பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் பின்னல் கற்றுக்கொடுத்திருந்தார். அவர் வரைந்து காட்டியதை நான் பார்த்து வரைந்த நோட்டு ஒன்று என் டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தது. அதில் ஆண்களுக்கான குல்லாய் மூன்று. எதைப் பின்னுவது என்று மூன்று நாள் யோசித்தேன். வீட்டுக்காரரைக் கேட்டால் காது மூடினால் சரி, எதையாவது போடு என்று ஒரே பதில். டிக்கெட் கிழிக்கிற மாதிரி நினைத்துவிட்டார்.

முதலாவது, காது தெரிகிற வட்டக் குல்லாய், உச்சியில் ஒரு குஞ்சம். மூன்றில் அதுதான் அழகு. நான் நன்றாகப் பின்னக்கூடியதும் அதுதான் என்பதால் கொஞ்சம் சபலம் தட்டியது. காதுப் பக்கத்தை மட்டும் நீட்டிப் பின்னிவிட்டால் என்ன என்றுகூட நினைத்தேன். பிறகு அந்தக் குஞ்சத்தோடு அவர் சேற்றில் இறங்கி மடை திருப்புவதை நினைத்துப் பார்த்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

இரண்டாவது குரங்குக் குல்லாய். கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும், கழுத்து வரைக்கும் கதகதப்பு. காதுக்கு இதைவிடப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் மாமனாருக்கு வாயில் வெற்றிலை இல்லாத நேரமே இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை துப்ப வேண்டியவரின் வாயைக் கம்பளியால் மூடினால் என்ன ஆகும் என்று துவைக்கப்போகிறவளுக்குத்தான் தெரியும். அதோடு இருட்டில் அப்படி ஒரு உருவம் கொல்லைப் பக்கம் போனால் திருடன் என்று நாலு பேர் தடியெடுத்து வருவார்கள்.

மூன்றாவதில் இரண்டு பக்கமும் வெற்றிலை அகலத்துக்குக் காதுமடி தொங்கும். மோவாய்க்கு அடியில் ஒரு பட்டி, அதற்கு ஒரு பொத்தான். பார்க்கக் கைக்குழந்தைக் குல்லாய் மாதிரிதான் இருந்தது. ஆனால் காது மூடும், வாய் திறந்திருக்கும், காற்றில் பறக்காது. அதையே முடிவு செய்தேன்.

அடுத்து நிறம். தேர்தல் வரப்போகிற சமயம், ஊரெல்லாம் கொடி. சிவப்பு என்றால் ஒரு கட்சி, சிவப்போடு கறுப்பு சேர்ந்தால் இன்னொரு கட்சி, வெள்ளைக் குல்லாயை ஏற்கெனவே ஒரு கட்சிக்காரர்கள் போட்டிருந்தார்கள். மஞ்சளும் காவியும் போட்டால் சாமியாராகப் போகிறாரா என்று கேட்பார்கள். எந்தக் கட்சியிலும் இல்லாத ஒரு நிறத்தைப் பாண்டிச்சேரியில் தேடச் சொன்னேன். வீட்டுக்காரர் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் நாலு அவுன்ஸ் வாங்கி வந்தார். பதினாலு மாதத்தில் நான் சொன்னதைச் சரியாகச் செய்தது அதுதான்.

தலையளவுக்கு என்ன செய்வது என்று திண்டாடிக்கொண்டிருந்தபோதுதான் முண்டாசு கண்ணில் பட்டது. மாமனார் முண்டாசை அவிழ்க்கமாட்டார். கட்டியது கட்டியபடி கழற்றி ஆணியில் மாட்டுவார், அது தலையின் வடிவத்திலேயே இருக்கும். அவர் குளிக்கப் போன நேரத்தில் அதை எடுத்துவந்து ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் கவிழ்த்துப் பார்த்தேன். சொம்புக்குத் தொளதொள. சோற்றுப் பானையில் ஏறவே இல்லை. பால் குண்டானில் கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து மோர் கேட்டு வந்த எதிர்வீட்டு அக்கா, முண்டாசு கட்டிய குண்டானையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மோர் வாங்காமலேயே போய்விட்டார்.

ஒன்பது நாளில் முடித்தேன். இரண்டு கண்ணி பிளெயின், இரண்டு கண்ணி பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்டேன், காதுமடி மட்டும் இரட்டைக் கனம். கையில் கொடுக்க முடியாது, அதனால் விடியற்காலையில் கன்று கட்டிய முளையின் மேல் மாட்டிவிட்டு, பனிக்குப் போட்டுக்கொள்வதற்கு என்று கன்றிடம் சொன்னேன். மாமனார் எடுத்து உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். போட்டுக்கொண்டார். பொத்தானை மாட்டினார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அளவே எடுக்காமல் எப்படி இவ்வளவு சரியாக இருக்கிறது என்று கன்றைக் கேட்டார். எனக்குக் கதவுக்குப் பின்னால் நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அந்தச் சந்தோஷம் எட்டு மணி வரைக்கும்தான். கொல்லைக்கு ஒழுங்காகப் பொத்தான் போட்டுக்கொண்டு போனவர், திரும்பி வந்து முற்றத்தில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பட்டியைக் கழற்றினார். வலது காதுமடியை மேலே மடித்து விளிம்பில் சொருகினார். இடது பக்கத்தை அப்படியே விட்டுவிட்டார். கேட்காத காதுக்குக் கம்பளி, கேட்கிற காதுக்குப் பனிக்காற்று. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

குத்துகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். குழந்தைகளுக்குப் பின்னுகிற மெத்தென்ற நூல் கொஞ்சம் வாங்கிவரச் சொல்லி, வலது மடியைப் பிரித்து அதில் பின்னினேன். சாம்பல் நிறம்தான் கிடைத்தது. நூலை என் மடியில் பார்த்த எதிர்வீட்டு அக்கா எத்தனை மாதம் என்று கேட்டார். காதுக்கு என்று சொன்னேன். அவர் நம்பவில்லை, சாயங்காலத்துக்குள் தெருவே என் வயிற்றைப் பார்த்தது. இவ்வளவு பட்டும் மாமனார் சாம்பல் மடியையும் மடித்துத்தான் சொருகினார். இறுக்கமோ என்று மறுபடி பிரித்துத் தளர்த்திப் பின்னினேன். அதையும் மடித்தார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். என் நைனாவே சொல்வார். விரல் வீங்கப் பின்னியவளுக்குத்தான் அருமை தெரியும் என்று கன்றிடம் சுள்ளென்று சொன்னேன். மாமனார் சிரித்ததோடு சரி. பிடிக்கவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லவேண்டியதுதானே என்று மனசுக்குள் அவரோடு ஒரு வாரம் சண்டை போட்டேன். அந்த வாரக் கடைசியில் காது மறுபடியும் குத்த ஆரம்பித்தது. சாப்பிடும்போது தாடையை அசைக்க முடியாமல் பாதியில் கை கழுவினார். சண்டையெல்லாம் போய் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை வீட்டுக்காரர் இருந்தார். குல்லாய் மடித்திருப்பதையும் காதில் வைத்த பஞ்சு நனைந்திருப்பதையும் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை. இருக்கிற ஒன்றும் போகட்டும் என்றுதான் மடித்து வைத்திருக்கிறாயா, ஒருத்தி பிரித்துப் பிரித்துப் பின்னிக்கொண்டிருக்கிறாளே என்று, பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கேட்க வேண்டிய குரலில் கேட்டார். மாமனார் கன்றைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மகன் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னார். காது மந்தமானவர்களின் ரகசியம் அடுப்படி வரைக்கும் வரும்.

"மூடிக்கினா அந்தப் பொண்ணு பேசறது கேக்கலடா. அப்புறம் அது யார்கிட்டதான் பேசும்?"

நான் கதவுக்குப் பின்னால் காப்பி டம்ளரோடு நின்றிருந்தேன். மூன்று வாரமாக நூலில் தேடிய தப்பு நூலில் இல்லை, நான் நின்ற இடத்தில் இருந்தது. அவர் காதைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது, கன்றிடம் நான் சொல்லும் உப்புக்கும் உளுந்துக்கும். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம் அவர் மேல் இல்லை, அந்தக் கதவின் மேல்.

வெளியே வந்தேன். கன்றைத் தாண்டிப் போய் அவருக்கு நேர் எதிரில் நின்றேன். வீட்டுக்காரர் வாயைத் திறந்தவர் மூடவில்லை. காப்பி டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தேன்.

"மாமா, அந்த மடிய இறக்கி வுட்டுக்குங்க. இனிமே நான் எதிர நின்னே பேசுறேன். வாயப் பாத்தாலே உங்களுக்குப் புரியும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சட்டென்று கண்ணை எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் விளக்கேற்றி, சோறு வடித்து, சாணி தெளித்து, பதினைந்து மாதமாகக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தவளை அவர் முழுதாகப் பார்த்தது அப்போதுதான். அவர் கண் கலங்கிவிட்டது.

"அட, இவ்ளோ சின்னப் பொண்ணா நீ?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் சாம்பல் மடியை இறக்கிவிட்டு, பட்டியை இழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"பத்தொம்பது ஆவுது மாமா" என்றேன்.

"கேக்கல" என்றார். "கிட்ட வந்து சொல்லும்மா."

நான் கிட்டப் போய்ச் சொன்னேன்.