இஸ்ஸத்தின் ஓட்டு

ஃபிக்ரி பல் செட் செய்கிறவர். அலெக்சாண்டிரியாவில், அத்தாரின் சந்தையை ஒட்டிய ஒரு மாடியறையில் உட்கார்ந்து ஊரில் பாதிக் கிழவர்களின் சிரிப்பைச் செய்து கொடுத்தவர். சினிமாவுக்குப் போனாலும் அவர் கண் முதலில் நடிகர்களின் வாய்க்குத்தான் போகும். பஞ்சத்தில் அடிபட்ட கிராமத்தைப் பற்றிய படம் ஒன்று ஐரோப்பாவில் பெரிய பரிசு வாங்கிக்கொண்டு வந்தபோது பத்திரிகைகள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. ஃபிக்ரி மட்டும் அசையவில்லை. “ஊரே பட்டினி. கதாநாயகிக்கு மட்டும் முப்பத்திரண்டும் பளபளன்னு மின்னுது. நானே செஞ்சாலும் அவ்வளவு வெள்ளையாச் செய்ய மாட்டேன். இதுக்கா பரிசு?” என்று முடித்துவிட்டார்.

இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்க அவருக்கு நாலு பேர் இருந்தார்கள். ரம்ல் ஸ்டேஷன் டிராம் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள காப்பிக்கடையின் பின்மூலை மேசைதான் அவர்களுடைய நீதிமன்றம். கெய்ரோவில் கொடுக்கும் பரிசும், பிரான்ஸில் கொடுப்பதும், அமெரிக்காக்காரன் கொடுப்பதும் எப்போதும் தப்பான படத்துக்கே போகிறது என்பதில் ஐந்து பேருக்கும் ஒரே கருத்து. எது சரியான படம் என்பதில் இரண்டு பேருக்குக்கூட ஒரே கருத்து இருந்ததில்லை. ஆகவே அவர்களே ஒரு பரிசை ஏற்படுத்தினார்கள். நவம்பரில் ‘மக்னஸா’ புயல்மழை வந்து கடற்கரைச் சாலையில் யாரையும் நடக்க விடாமல் செய்யும் வாரத்தில், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு ஓட்டெடுப்பு. பாதிக்கு மேல் ஓட்டு வாங்கிய படத்தின் சுவரொட்டி அந்த மூலைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். வருஷத்துக்கு ஓர் ஆணி. ஜெயித்தவர்களுக்குத் தாங்கள் ஜெயித்ததே தெரியாது. அதனால் என்ன, நீதி நீதிதானே.

ஓட்டு எண்ணுவது ஸொஹைர் டீச்சர். பிரெஞ்சு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். சத்தம் கூடினால் கரண்டியால் டம்ளரைத் தட்டுவார். நாற்காலி மேசைக் கடை வைத்திருக்கும் தவ்ஃபீக் உடம்பாலும் மனசாலும் பெரியவர். எந்தப் படத்துக்கும் அழுவார், அழுத படத்துக்கெல்லாம் ஓட்டுப் போடுவார். வக்கீல் நாடர் எல்லோரிலும் இளையவர். கோர்ட்டில் காட்டாத திறமையை இங்கே வந்து காட்டுவார். ஐந்தாவது ஆள் இஸ்ஸத், நகராட்சியில் வரைபடம் போடுகிறவர்.

ஃபிக்ரிக்கும் இஸ்ஸத்துக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகம், அதாவது பள்ளிக்கூடத்திலிருந்தே சண்டை. ஒருவர் மழை என்றால் மற்றவர் வெயில் என்பார். மற்ற மூவரும் பூசணி விதையைக் கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். சண்டை முடிந்து இருவரும் ஒரே டிராமில் ஏறி, டிராமிலும் சண்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

அந்த இஸ்ஸத் ஒரு வருஷம் தானே ஒரு படம் எடுத்துவிட்டார். அரைமணி நேரப் படம். காமிரா இரவல், நடித்தவர்கள் மச்சானும் மச்சானின் கூட்டாளிகளும். முகம் பார்த்துப் பேசாத இரண்டு அண்ணன் தம்பிகள். தம்பி செத்துப் போகிறான். உடலை வைத்த சந்தூக்குப் பெட்டியை அண்ணன் தோளில் சுமந்து போகிறான். போகும் வழியில் அவன் சிரிக்கிறான். ஏன் என்று படம் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பில் படம் முடிந்துவிடுகிறது.

ஒரு கலாச்சார மண்டபத்தில் ஒரே ஒரு முறை திரையிட்டார்கள். வெளியே ஒரு பரிசும் கிடைக்கவில்லை. இந்த மேசைதான் மிச்சம். தன் படத்துக்குத் தானே ஓட்டுப் போடக் கூடாது என்பது விதி. ஆகவே நாலு ஓட்டு. தவ்ஃபீக் அழுது ஓட்டுப் போட்டார். டீச்சரும் போட்டார். படம் ஆடுகிறது, சத்தம் தெளிவாக இல்லை, காற்று இரைகிறது என்று நாடர் மறுத்துவிட்டார். எல்லோரும் ஃபிக்ரியைப் பார்த்தார்கள்.

“அந்தச் சிரிப்பு பொய்,” என்றார் ஃபிக்ரி. “கூடப் பொறந்தவனைத் தோள்ல சுமந்துக்கிட்டுப் போறவன் பல்லைக் காட்டுவானா? நான் எங்கப்பாவைச் சுமந்திருக்கேன். எனக்குத் தெரியும். அந்த ஒரு இடத்துல படம் செத்துப் போச்சு. என்னால போட முடியாது.”

இஸ்ஸத் கோபப்படவில்லை. சஹ்லப் பால்கஞ்சிக் கோப்பையின் அடியில் இருந்ததைக் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டு முடித்தார். “உனக்கு இன்னும் சரியான ஆள் சாகல, ஃபிக்ரி,” என்றார். அன்றைக்கும் இருவரும் ஒரே டிராமில்தான் போனார்கள். சண்டை மட்டும் வரவில்லை. இரண்டுக்கு இரண்டு என்பதால் அந்த வருஷத்து ஆணியில் எதுவும் தொங்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் இஸ்ஸத்துக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. வரைபடப் பலகை மேலேயே தலை சாய்ந்து கிடந்தாராம்.

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து சந்தூக்கைத் தூக்கினார்கள். முன்னால் தவ்ஃபீக், அவருக்குப் பின்னால் ஃபிக்ரி. டிராம் தண்டவாளத்தைத் தாண்டுகிற இடத்தில் சந்தூக் நின்றுவிட்டது. தவ்ஃபீக்கின் ஷூ தண்டவாள இடுக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. மனுஷன் அழுதுகொண்டே காலை இழுக்கிறார், வரமாட்டேன் என்கிறது. பின்னால் வந்த கூட்டத்துக்கு ஷூ தெரியவில்லை; நின்ற சந்தூக்தான் தெரிந்தது. யாரோ ஒரு பெரியவர், “சந்தூக் நகர மாட்டேங்குதுய்யா! மனுஷன் அவுலியா, பெரிய மகான்! ஊரை விட்டுப் போக மாட்டேங்கிறார்!” என்று கூவினார். கூட்டம் ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் முழங்கியது. பெண்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பொழுது உச்சிக்கு வராமல் படுக்கையை விட்டு எழாத இஸ்ஸத், ரமலானில் கதவைச் சாத்திக்கொண்டு சிகரெட் பிடித்த இஸ்ஸத், அவுலியா!

ஃபிக்ரிக்குச் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்தார், நிற்கவில்லை. வயிற்றிலிருந்து கிளம்பி தோளைக் குலுக்கியது. சந்தூக்கைப் போர்த்தியிருந்த பச்சைத் துணியின் ஓரத்தை இழுத்து முகத்தில் மூடிக்கொண்டார். பக்கத்திலிருந்தவர்கள் முதுகில் தட்டி, “பொறுமை, பொறுமை, அல்லாஹ் இருக்கான்,” என்றார்கள். அந்தத் துணிக்குள்ளேதான் முதல் தடவை அந்தக் குரல் கேட்டது. காதுக்கு ஒரு விரல் தள்ளி, இஸ்ஸத்தின் கரகரத்த குரல்.

“பல்லு தெரியுதுடா, ஃபிக்ரி.”

அன்றைக்குத் தொடங்கியது. ஒரு நண்பனுக்காக ஃபிக்ரியைப் போல அழுதவன் இந்த ஊரில் கிடையாது என்று பேர் வந்துவிட்டது. இஸ்ஸத்தின் தங்கை வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளபடி நடந்ததை யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது?

அடுத்த மக்னஸாவுக்கு மேசையில் நாலு பேர். ஒரு நாற்காலி சும்மா இருந்தது. டீச்சர் டம்ளரைத் தட்டி, “இஸ்ஸத்தோட ஓட்டு வீணாப் போகக் கூடாது,” என்றார். “அவர்கிட்ட அதிகமாச் சண்டை போட்டவர் யாரோ, அவருக்குத்தான் அவர் என்ன சொல்லுவார்னு தெரியும். ஃபிக்ரி, நீங்க சொல்லுங்க.” விளையாட்டாகத்தான் சொன்னார்கள். ஃபிக்ரி விளையாட்டாகத் தலையைச் சாய்த்தார். குரல் கடகடவென்று வந்து ஊற்றியது: எந்தக் காட்சி இழுக்கிறது, எந்த நடிகை ஏமாற்றுகிறாள், ஃபிக்ரி ஏன் முட்டாள். அவர் அதை அப்படியே ஒப்பித்துத் தன் ஓட்டுக்கு எதிராக இஸ்ஸத்தின் ஓட்டைப் போட்டார். தவ்ஃபீக்குக்குப் புல்லரித்துவிட்டது.

அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படித்தான். மேசையில் மட்டுமா? பட்டறையில் மெழுகு உருக்கும்போது இஸ்ஸத் வருவார். டிராமில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் வருவார். ஃபிக்ரி குளியலறையில் ஏதாவது சொல்வார், கொஞ்ச நேரம் நிற்பார், பிறகு, “போடா, உனக்கு சினிமாவைப் பத்தி என்னடா தெரியும்?” என்று கத்துவார். அவர் மனைவி நபவியா அடுக்களையிலிருந்து தலையில் அடித்துக்கொள்வார். “உங்க சிநேகிதர் உயிரோட இருந்தப்ப தூங்கறதுக்காவது அவர் வீட்டுக்குப் போவாரு. இப்ப போறதே இல்ல,” என்பார். ஃபிக்ரிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஏனென்றால் எல்லாப் படத்தையும் பற்றிப் பேசிய இஸ்ஸத், தன் படத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எப்போது வரும் என்று ஒவ்வொரு நாளும் ஃபிக்ரி காத்துக்கொண்டிருந்தார்.

போன வருஷம் கடைக்காரர் சுவருக்கு வெள்ளையடிக்க முடிவு செய்தார். “இந்தக் காலி ஆணியைப் பிடுங்கிடலாமா?” என்று கேட்டார்.

“பிடுங்கக் கூடாது!” என்றார் தவ்ஃபீக். “அந்த வருஷத்துக்கு மறுபடி ஓட்டுப் போடுவோம். செத்தவனுக்கு இதுகூடச் செய்யக் கூடாதா?”

“செத்தவனுக்குக் குடுத்தா அதுக்குப் பேரு பரிசு இல்ல, துக்க விசாரிப்பு,” என்றார் நாடர். “படம் ஜெயிக்கணும். பரிதாபம் ஜெயிக்கக் கூடாது. இஸ்ஸத்தே ஒத்துக்க மாட்டார்.”

“படத்தைப் பார்த்துட்டுப் பேசுவோம்,” என்றார் டீச்சர். இஸ்ஸத்தின் தங்கை தமன்ஹூரிலிருந்து பிரதியை அனுப்பி வைத்தாள்.

மக்னஸா வந்தது. கண்ணாடியில் மழை சாட்டையடித்தது. மேசை மேல் நாடரின் கணினியை வைத்து நாலு பேரும் தலையோடு தலை ஒட்டிப் பார்த்தார்கள். படம் ஆடியது, காற்று இரைந்தது, மச்சான் மச்சானாகவே நடித்தார். கடைசியில் அண்ணன் சந்தூக்கோடு நடந்து வந்தான். வாய் கோணியது, உதடு விலகியது, பல் தெரிந்தது. கண்ணில் நீர் இருந்தது. அன்றைக்கு ஃபிக்ரி பல்லை மட்டும் பார்த்திருந்தார், கண்ணைப் பார்க்கவில்லை.

“நான் போடறேன்,” என்றார் டீச்சர். தவ்ஃபீக் கைக்குட்டைக்குள்ளிருந்தே கையைத் தூக்கினார். “என் ஓட்டு மாறல,” என்றார் நாடர். “ஃபிக்ரி சார் அன்னிக்குச் சொன்னதுதான். அந்தச் சிரிப்பு நம்பற மாதிரி இல்ல.”

ஃபிக்ரி அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார். சொன்னால் ஊர் கொடுத்த பேர் போகும். அது போனால் போகட்டும். ஆனால் இவ்வளவு வருஷமாகக் காதருகே காத்துக்கொண்டிருப்பவன் இதைக் கேட்டுவிட்டு என்ன செய்வான்?

“அது நெஜம்,” என்றார் ஃபிக்ரி.

“எது?”

“அந்தச் சிரிப்பு. நான் சிரிச்சேன். இஸ்ஸத்தைத் தூக்கிக்கிட்டுப் போறப்ப. தவ்ஃபீக்கோட ஷூ மாட்டிக்கிச்சே, அவுலியான்னு கூவினாங்களே, அப்ப. துணிக்குள்ள நான் அழல. சிரிச்சேன். எங்கப்பாவுக்கு அப்படி வரல. இவனுக்கு வந்துச்சு.” நாடர் பக்கம் திரும்பினார். “நாடர், இது பரிதாபம் இல்ல. ஒளி சரியில்ல, ஒலி சரியில்ல, எல்லாம் நீ சொல்றதுதான். ஆனா பரிசு வாங்கின எந்தப் படமும் எனக்கு நடக்கப் போறதை முன்கூட்டியே காட்டல. இது காட்டுச்சு. நான்தான் பார்க்கல. என் ஓட்டு இந்தப் படத்துக்கு.”

தவ்ஃபீக் தன் ஷூவைக் குனிந்து பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே சிரித்தார், மேசை குலுங்கியது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளரைத் தட்டினார். “மூணுக்கு ஒண்ணு. படம் ஜெயிச்சிடுச்சு. இஸ்ஸத்துக்கு இதுல ஓட்டு இல்ல, ஆனா அவர் என்ன சொல்றார்னு கேளுங்க ஃபிக்ரி.”

ஃபிக்ரி வழக்கம் போலத் தலையைச் சாய்த்தார். மழைச் சத்தம் கேட்டது. பக்கத்து மேசையில் யாரோ தாயக்கட்டை உருட்டும் சத்தம் கேட்டது. தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

“என்ன சொல்றார்?”

“ஒண்ணும் சொல்லல,” என்றார் ஃபிக்ரி.

வெட்கப்படுகிறார் போலிருக்கிறது என்று தவ்ஃபீக் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சுவரொட்டி ஒன்றும் இல்லாததால், டீச்சர் ஒரு தாளில் படத்தின் பேரை அழகாக எழுதி ஆணியில் குத்தினார்.

டிராமில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. காலியாகவே வந்தது. எதிரே புதுப்படம் ஒன்றின் பெரிய விளம்பரம். கதாநாயகனுக்கு வாய் நிறையப் பல். “இதைப் பாருடா,” என்றார் ஃபிக்ரி மெல்ல. பதில் இல்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், மழையில் திரும்பி நடந்து வந்தார்.

நபவியா ஈரல் வதக்கிக்கொண்டிருந்தார். ஓட்டெடுப்பு நாளில் வீட்டில் பெரிய சண்டை நடக்கும் என்று அவருக்குத் தெரியும், ரேடியோவைக்கூட வைக்கவில்லை. “இன்னிக்கு என்ன, ரெண்டு பேரும் சமாதானமா?” என்று கேட்டார்.

ஃபிக்ரி குளியலறைக்குள் போய்க் கண்ணாடி முன்னால் நின்றார். “இஸ்ஸத்,” என்றார். “நான் சும்மா சொன்னேன். உன் படம் குப்பை. சத்தம் தெளிவா இல்ல, காமிரா ஆடுது, உன் மச்சானுக்கு நடிக்கவே தெரியல. அந்தச் சிரிப்பு பொய். கேக்குதா? ஓட்டைத் திருப்பி வாங்கிக்கறேன்.”

இஸ்ஸத் பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றார். அதற்கு மேலும் நின்றார். அடுக்களையில் நபவியாவும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவர் திருப்பிக் கத்துவதற்காகக் காத்திருந்தார். சத்தம் வராமல் போகவே அடுப்பை அணைத்துவிட்டுக் கதவருகே வந்தார்.

“வாடா,” என்று சொல்லிக்கொண்டிருந்தார் ஃபிக்ரி. “வந்து சண்டை போடுடா.”